துரை பங்களாவின் பயனெட்: வாங்குமுன் பாருங்கள்

“துரை பங்களாவில் இருந்து வந்தது” என்ற பேச்சுக்கு மலையகத்தில் தனி விலை உண்டு. பழைய பயனெட், அதாவது துவக்கு முனையில் மாட்டும் கத்தி, கைமாறும்போது இந்தப் பேச்சும் கூடவே வரும். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தோட்டத் துரைமாரைக் கொண்ட ‘சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்’ என்ற தொண்டர் படை 1900இல் தொடங்கியது, தலைமையகம் கண்டி. 1914இல் எகிப்துக்குக் கப்பலேறிய அதன் ஆட்களில் சிலர், கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றார்கள். 1949இல் படை கலைந்தது. ஆகவே ஹட்டன் பக்கம் ஒரு லயத்துப் பரணில் அசல் சாமான் கிடப்பது நடக்கக்கூடியதுதான். போலிக்காரர் பிழைப்பதும் இதை நம்பித்தான்.

அதிகம் அடிபடும் பெயர், லீ என்ஃபீல்ட் துவக்குக்கான 1907 மாதிரி. அலகு 17 அங்குலம், ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். பிடிக்குப் பக்கத்தில் அலகின் ஒரு முகத்தில் கிரீடம், அதன் கீழ் மன்னரின் எழுத்து, பிறகு ‘1907’ என்று இருக்கும். “1907இல் செய்தது” என்று விற்பவர் அதைக் காட்டுவார். அது மாதிரியின் பெயர். செய்த மாதமும் ஆண்டும் அதன் கீழே சின்னதாக இருக்கும்: 5, 17 என்றால் 1917 மே. அடுத்தது வில்கின்சன், சாண்டர்சன், சாப்மன் போன்ற தயாரிப்பாளர் பெயர். மறுமுகத்தில் அரச உடைமையைக் காட்டும் அம்பு, வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறி.

இந்தக் குறிகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறியது 1910 மே மாதம், ‘ஜி.ஆர்.’ எழுத்துக்குக் கீழே 1909 இருந்தால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. குறுக்குத் தடுப்பில் கொக்கி போல வளைந்த நுனி 1913இல் கைவிடப்பட்டது. கொக்கி உள்ளது அரிது, விலையும் அதிகம். அதனால் சாதாரணக் கத்தியில் கொக்கியை ஒட்டவைத்து விற்கிறார்கள். 1917 திகதியோடு கொக்கி இருந்தால் ஒட்டு வைத்த இடத்தைத் தேடுங்கள்.

எனக்கு மிகவும் சந்தேகம் தருவது, அந்தத் துரைமார் படையின் பெயர்ச் சுருக்கமான ‘சி.பி.ஆர்.சி.’ என்ற நான்கு எழுத்துகள். அசல் பயனெட்டில் இவற்றை அடிக்க எழுத்து உளியும் சுத்தியலும் போதும். விலை எங்கேயோ போய்விடும். லென்சை வைத்துப் பாருங்கள். பழைய எழுத்தின் விளிம்பு சுற்றியுள்ள இரும்போடு சேர்ந்தே தேய்ந்திருக்கும், குழிக்குள்ளும் அதே கறுப்பு. புதிதாக அடித்ததில் விளிம்பு விரலில் உரசும், குழி பளபளக்கும் அல்லது இரசாயனம் பூசிய செந்துரு மட்டும் படிந்திருக்கும்.

அலகு குட்டை என்பதற்காக மட்டும் தள்ளிவிடாதீர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் நீள அலகுகளை 12 அங்குலமாக வெட்டினார்கள். இஷாப்பூர் தொழிற்சாலையின் ‘ஆர்.எஃப்.ஐ.’ முத்திரையும் அசல்தான். நேருக்கு நேர் மோதும் இரண்டு அம்புகள் இருந்தால் அரசே அதைச் சேவையிலிருந்து விற்றுவிட்டது என்று பொருள்.

வீட்டில் பழைய பயனெட் வைத்திருப்பவர்கள் அதை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம்; தேய்த்தால் குறி போகும், விலையும் போகும். பழைய இரும்பு விலைக்குக் கேட்டு வருகிறவரிடம் அன்றே கொடுக்கவும் வேண்டாம்.

இனிச் சட்டம். இன்றைய இராணுவத்தின் பயனெட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். அது 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தில் கொண்டுபோய் விடலாம். நம் மக்களுக்குச் சந்தேகக் கைது புதிதும் அல்ல. பழையதை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். 1988ஆம் ஆண்டின் கலாசார ஆதனச் சட்டம் அனுமதிப்பத்திரம் கேட்கும் பொருள்கள் உண்டு.

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டு கேட்பது உங்கள் உரிமை. ‘பழைய கத்தி’ என்று எழுத விடாமல், மாதிரி, திகதி, முத்திரை, ‘அசல்’ என்ற சொல் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். போலி என்று தெரிந்தால், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், தொலைபேசி 1977. தனியாளிடம் வாங்கியிருந்தால் மத்தியஸ்த சபையை நாடலாம், தெரிந்தே ஏமாற்றியிருந்தால் பொலிசுக்குப் போகலாம். அங்கே முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்ல அரசியலமைப்பு உங்களுக்கு இடம் தருகிறது. சிங்களத்தில் எழுதி நீட்டினால், வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.