‘நாய்னா வாய் நாறத்தானே செய்யும்!’ - அலட்சியம் வேண்டாம்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஓடிவந்து முகத்தை நக்கும் பொமரேனியன். சில நாள்களாக அது கிட்டே வந்தாலே குடலைப் பிடுங்கும் நாற்றம். ‘நாய்னா வாய் நாறத்தானே செய்யும்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால், பெரும்பாலும் அது ஈறு நோயின் முதல் எச்சரிக்கை.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. உணவு மிச்சமும் பாக்டீரியாவும் எச்சிலோடு சேர்ந்து பல்லில் வழவழப்பான படலமாகப் படியும். துடைக்காமல் விட்டால் சில நாள்களிலேயே அது பழுப்பு நிறக் காரையாக இறுகிவிடும். கண்ணுக்குத் தெரியும் காரையைவிட, ஈறுக்கு அடியில் இறங்குவதுதான் ஆபத்து. ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல்லைத் தாங்கும் எலும்பு அரித்து, பல் ஆடும். சின்னத் தாடையில் பற்கள் நெருக்கியடித்து இருப்பதால் பொமரேனியன், பக், ஷிட்சு போன்ற சிறிய ரகங்களுக்கு இது சீக்கிரமே வரும்.

கொடுமை என்னவென்றால், நாய் வலியை அவ்வளவாக வெளிக்காட்டாது. பல் ஆடும்போதும் தட்டைக் காலி செய்துவிடும். ‘நல்லாத்தானே சாப்பிடுது’ என்று வீட்டினரும் விட்டுவிடுவார்கள். ஒரே பக்கமாக மெல்வது, பிஸ்கட்டை நழுவவிடுவது, முகத்தைத் தொட்டால் விலகுவது எல்லாமே பல்வலியாக இருக்கலாம். கண்ணுக்குக் கீழே வீங்கினால் பூச்சிக்கடி என நினைப்பார்கள். பல நேரம் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கும்.

பல் துலக்கிவிட, வீட்டிலிருக்கும் பேஸ்ட்டை எடுத்துவிடக் கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டுகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால், நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டெனக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும். செல்லப்பிராணிகளுக்கென்றே கோழிக்கறிச் சுவையில் பேஸ்ட் கிடைக்கிறது. இல்லாவிட்டால், தண்ணீரில் நனைத்த மென்மையான பிரஷே போதும். முதல் சில நாள்கள் விரலில் ஈரத்துணி சுற்றித் தேய்த்துப் பழக்கலாம். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. உதட்டைத் தூக்கி, பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். ஆனால், தினமும் செய்ய வேண்டும்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று கறிக்கடையில் கேட்டு வாங்கி வருபவர்கள் உண்டு. வேகவைத்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும். கெட்டியான எலும்பு பல்லையே உடைத்துவிடும். இன்னொன்று, பல்வலிக்கு மனிதர்களின் மாத்திரையைக் கொடுப்பது. பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால்கூட எமனாகலாம்.

இறுகிய காரை பிரஷ்ஷுக்கு வராது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்ய வேண்டும். மயக்க மருந்து என்றதும் பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால், ரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகே மருத்துவர் முடிவெடுப்பார். பல்லை எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடும் என்ற கவலையும் வேண்டாம். வலி கொடுத்த பல் போனதும், பழையபடி தட்டிலிருக்கும் தயிர்சாதத்தை ஒரு பருக்கை விடாமல் வழித்துவிடும்.