‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்று சொல்லாதீர்கள்: குழந்தை வாய் திறந்த பிறகு என்ன நடக்கும்?

"அம்மா, இனிமே நான் டியூஷனுக்குப் போகமாட்டேன்."

குழந்தை இப்படிச் சொன்னால் நம் வீடுகளில் உடனே வருகிற பதில், "படிக்கிறதுக்குச் சோம்பல், அதான் சாக்கு சொல்ற" என்பதுதான். பல நேரங்களில் அது உண்மையாகவே சோம்பலாக இருக்கலாம். ஆனால் சில நேரங்களில் அந்தக் குழந்தை வேறு ஏதோ ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கும். முதல் வரியிலேயே நாம் வாயை அடைத்துவிடுகிறோம்.

குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரங்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், பாடம் சொல்லிக் கொடுப்பவர் என யாராகவும் இருக்கலாம். அதனால்தான் விஷயம் தெரிந்த பிறகும் பல குடும்பங்கள் தயங்கி நின்றுவிடுகின்றன. "போலீஸுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடுமே, கோர்ட்ல புள்ளைய நிக்க வெச்சு கேள்வி கேப்பாங்களே" என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு சட்டம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் காது கொடுங்கள்

குழந்தை சொல்லும்போது குறுக்கே பேச வேண்டாம். "நீ ஏன் அங்க போன?", "அப்பவே ஏன் சொல்லல?" போன்ற கேள்விகள் வேண்டவே வேண்டாம். "நீ சொன்னது நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. நான் பார்த்துக்கறேன்" என்ற மூன்று வாக்கியங்கள் போதும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். உண்மையா பொய்யா என்று விசாரிக்க வேண்டியது உங்கள் வேலை இல்லை. சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு வைத்து நேருக்கு நேர் கேட்பதும் கூடாது. குழந்தைக்கு அது ஆபத்து, வழக்குக்கும் பாதிப்பு.

1098-க்கு அழையுங்கள்

குழந்தைகள் உதவி எண் 1098. இலவசம், 24 மணி நேரமும் இயங்கும். பெற்றோர், ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என யார் வேண்டுமானாலும் பேசலாம். குழந்தையே கூடப் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 112.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவருக்கும் பொருந்தும். ஆண் குழந்தைகளுக்கும்தான். "பையன்தானே, என்ன ஆகிடப் போகுது" என்று விட்டுவிடாதீர்கள். குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது இந்தச் சட்டப்படி கட்டாயம். தெரிந்தே மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. பெரியவர்கள் கூடிப் பேசி, மன்னிப்புக் கேட்க வைத்து, சமாதானமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல இது.

"நான் சொன்னது கடைசில தப்பா இருந்துட்டா, என் மேலயே கேஸ் வருமா?" வராது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

சரி, சொல்லியாச்சு. அடுத்து?

குழந்தையைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துத்தான் வாக்குமூலம் வாங்குவார்கள் என்று இல்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் வேறு இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வர வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடன் இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவமனையைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை இன்னும் பதிவாகவில்லை என்று சொல்லி யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எதுவானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் இருக்கும் என்பதால் சீக்கிரம் போவது முக்கியம். முடிந்தால் குளிப்பாட்டாமல் அழைத்துச் செல்லுங்கள், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டால் என்ன? பரவாயில்லை, அப்போதும் போக வேண்டும்.

வழக்கு முடியும் வரை துணை

காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்கும்போது குடும்பம் தனியாக நிற்க வேண்டியதில்லை. குழந்தைகள் நலக் குழு ‘ஆதரவு நபர்’ ஒருவரை நியமிக்கலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதும், விசாரணை நாளில் கூட வருவதும் அவர் பொறுப்பு. உணவு, உடை, பயணச் செலவு போன்ற உடனடித் தேவைகளுக்குச் சிறப்பு நிவாரணம் வழங்கவும் இக்குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் கிடைக்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு போக்சோ விதி. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால இழப்பீடு வழங்கவும் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். அதற்கான எண் 15100.

நீதிமன்றத்தில் விசாரணை மூடிய அறையில் நடக்கும். வழக்கறிஞர்கள் குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க மாட்டார்கள், நீதிபதி வழியாகத்தான் கேட்க முடியும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக் குழந்தை பார்க்க வேண்டியிருக்காது. பெயர், முகவரி, படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. நாமும் வாட்ஸ்அப்பில் பகிரக் கூடாது.

பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறைந்த பெண் என்றால், 181 மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்டந்தோறும் உள்ள ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவ உதவி, காவல்துறை உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். "சம்பவம் நடந்தது எங்க எல்லையில இல்லை" என்று எந்தக் காவல் நிலையமும் புகாரை மறுக்க முடியாது.

வீட்டிலேயே தொடங்கலாம்

தடுப்பு என்பது வகுப்பறையில் மட்டும் நடக்கும் பாடம் அல்ல. "மாமாவுக்கு ஒரு முத்தா குடு" என்று குழந்தையைக் கட்டாயப்படுத்துகிறோம். வேண்டாம் என்று தலையாட்டினால் திட்டுகிறோம். தன் உடம்பைப் பற்றித் தானே ‘வேண்டாம்’ சொல்லலாம் என்பதைக் குழந்தை அந்த இடத்தில்தான் கற்க வேண்டும். உடல் உறுப்புகளின் பெயர்களைக் கூச்சமில்லாமல் சொல்லிக் கொடுங்கள். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் எது என்று குளிக்க வைக்கும்போது, உடை மாற்றும்போது இயல்பாகப் பேசுங்கள். "அம்மா அப்பாகிட்ட சொல்லாதேன்னு யாராவது சொன்னா, அதைத்தான் முதல்ல எங்ககிட்ட சொல்லணும்" என்பதை வீட்டு விதியாக்குங்கள்.

பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். உங்கள் ஊராட்சியில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடுகிறதா என்றும் விசாரியுங்கள். நாம் கேட்டால்தான் இவை உயிரோடு இருக்கும்.

இன்று இரவு சாப்பிடும்போது உங்கள் குழந்தையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உனக்கு ஏதாவது பிரச்சினைன்னா, முதல்ல யார்கிட்ட சொல்லுவ?" பதிலில் உங்கள் பெயர் இல்லையென்றால் கோபப்படாதீர்கள். குழந்தை நம்பும் ஒருவர் இருக்கிறாரே என்று நிம்மதி கொள்ளுங்கள். அவரிடமும் இந்த எண்களைக் கொடுத்து வையுங்கள்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

குழந்தைகள் உதவி எண்: 1098
மகளிர் உதவி எண்: 181
அவசர உதவி: 112
பள்ளிக் கல்வித் துறை உதவி எண்: 14417
இலவச சட்ட உதவி: 15100