கயிறு பிடிக்கும் மச்சான்

சம்பந்தம் பேசும் வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "மாப்பிள்ளைக்கு என்ன பொழுதுபோக்கு?" கிரிக்கெட் என்பார் ஒருவர், நூல் வாசிப்பு என்பார் மற்றொருவர். கைபேசி என்று உண்மையைச் சொல்லிவிடுபவர் மிகக் குறைவு. "கடலில் மூழ்குவது" என்று ஒரு வாலிபர் விடை சொன்னால் பெண் வீட்டார் சற்றே முகம் சுளிக்கக்கூடும். வாசகப் பெருமக்களே, சுளிக்கத் தேவையில்லை.

இமாம் நஸாயீ அவர்கள் பதிவு செய்துள்ள ஒரு நபிமொழியை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். இறைநினைவு கலவாத செயல்கள் வீண் என உரைக்கும் அந்த நபிமொழி, நான்கு செயல்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அம்பெய்யும் பயிற்சிக்காக இரு இலக்குகளுக்கிடையே நடப்பது, குதிரையைப் பழக்குவது, மனைவியோடு விளையாடி மகிழ்வது, நீச்சல் கற்பது ஆகியன அவை. நீச்சலும் இல்லறமும் ஒரே வரிசையில் அமைந்திருப்பதைக் கவனியுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடித் தோற்றதும், பின்னொரு பயணத்தில் வென்று அன்றைக்கு இது ஈடு என்று சொன்னதும் நாம் அறிந்த வரலாறுதான்.

ஆனால் நம் கடற்கரைகளில் மூழ்குதல் பொழுதுபோக்காக இருந்ததில்லை; அது வயிற்றுப்பாடு. மன்னார் வளைகுடாவில் கீழக்கரை முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளித்து வந்துள்ளனர். தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு முடிவுக்கு வந்தது. சங்கு குளிப்போ நின்றுவிடவில்லை. அப்படி எடுக்கப்படும் சங்குகள் எங்கே செல்கின்றன தெரியுமா? பெரும்பாலும் வங்காளத்திற்கு. அங்குள்ள இந்துப் பெண்கள் திருமணமானதன் அடையாளமாக அணியும் வெண்ணிற வளையல்கள் சங்கை அறுத்துச் செய்யப்படுபவை. கணவர் இறந்தால் அவ்வளையல்கள் அகற்றப்படும். எங்கோ ஒரு மணப்பெண்ணின் கைக்காகக் கலிமாச் சொல்லிக் கடலில் இறங்கும் நம் வாலிபனுக்கு, அவனது சொந்த நிக்காஹ் எப்போது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை.

இத்தொழிலின் கடுமையைச் சிறிது விளக்க வேண்டும். பத்து மீட்டர் ஆழம் இறங்கியதுமே நீரின் அழுத்தம் காரணமாக நுரையீரலில் உள்ள காற்று பாதி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்யத் தெரியாதவருக்குச் செவிப்பறை கிழியலாம். இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். இது பேராபத்து. அவ்வாறு செய்வதால் மூச்சு முட்டும் உணர்வு தள்ளிப்போகுமே தவிர, உடலில் உள்ள பிராணவாயு கூடுவதில்லை. மேலே வரும்போது, கரம் நீட்டினால் எட்டும் தூரத்தில் நீர்மட்டம் இருக்கையில், நினைவிழந்து மூழ்குவார்கள். இப்போது சிலர் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றை வாங்கிக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கின்றனர். அவசரமாக மேலேறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளைத் தாக்கும். முதுகுத் தண்டைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கும்.

பழைய முத்துக்குளிப்பில் குளியாளின் இடுப்புக் கயிற்றைப் படகில் பிடித்திருப்பவர் அவருடைய மனைவியின் உடன்பிறந்தவர் என்று தென்கடற்கரையில் சொல்வார்கள். கயிறு அசைந்ததும் இழுக்கத் தவறினால் தன் தங்கை தாலியறுப்பாள் என்ற அச்சத்தை விடப் பெரிய காவல் ஏது? மணமாகாத குளியாளுக்கு அந்தக் காவல் இல்லை. மணவாழ்வு ஒரு மனிதனுக்கு என்னென்ன தருகிறது என்று நீண்ட சொற்பொழிவுகள் கேட்டிருக்கிறோம். மச்சான் கையிலுள்ள அந்தக் கயிறு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

கயிறு காத்தவரைக் கடன் காக்கவில்லை என்பதுதான் வேதனை. பதினான்காம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பை வர்ணித்த இப்னு பதூதா, எடுத்த முத்துகளைப் பழைய கடனுக்கு ஈடாக வணிகர்கள் எடுத்துக்கொள்வதையும் குறிப்பிட்டுள்ளார். பஹ்ரைனிலும் குவைத்திலும் இருபதாம் நூற்றாண்டிலும் அதே நிலைதான். கோடை மாதங்கள் முழுவதும் கடலிலேயே கழித்துத் திரும்புபவரின் கணக்கில் முன்பணம் மட்டுமே மிஞ்சும். ஜப்பானியரின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் 1930களில் அத்தொழிலே சரிந்தது. நம் கரையிலும் முன்பணம் வாங்கிக் கடலில் இறங்கும் வழக்கம் உண்டு. அக்கடன்களில் பல, திருமணக் கடன்கள். அக்காவின் கைக்கூலி, தங்கையின் நகை, ஊருக்குப் போட்ட விருந்து! காதில் வலி இருந்தாலும், கடல் கலங்கியிருந்தாலும், கடன்பட்டவர் இறங்கியே ஆக வேண்டும்.

அப்படியானால் எப்போது மணம் முடிப்பது? சட்டம் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று கீழெல்லை வகுத்துள்ளது. மார்க்கமோ வயதை எண்ணிச் சொல்லாமல் ஆற்றலைச் சொல்கிறது. இளைஞர்களை நோக்கி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஆற்றல் உள்ளவர் மணம் முடிக்கட்டும், இயலாதவர் நோன்பு நோற்கட்டும் என்ற கருத்தில் அறிவுரை கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்த ஆற்றல் எது என விளக்கும் இமாம் நவவி அவர்கள், இல்லறத்திற்கான உடல் வலிமை, மணவாழ்வின் செலவைத் தாங்கும் வசதி என இரு கருத்துகளைத் தருகிறார். மணவாழ்வின் செலவு என்றால் மஹரும் உணவும் உடையும் உறைவிடமும். மண்டப வாடகையும் ஆயிரம் பேர் பிரியாணியும் அதில் அடங்கா. இரும்பு மோதிரம்கூட இல்லாத ஒரு தோழருக்கு, அவர் அறிந்த குர்ஆனையே காரணமாக்கி நபியவர்கள் மணம் முடித்து வைத்தார்கள்.

"வீடு கட்டி முடியட்டும், இன்னும் இரண்டு சபுர் போய் வரட்டும்" என்று முப்பத்தைந்து வயது வரை தள்ளிப்போடும் குடும்பங்கள் நம்மிடையே பல. அதற்குள் மறுபக்கத்தில் ஒரு குமர் காத்திருந்து காத்திருந்து முகம் வாடுகிறது. இதைப் பொறுப்புணர்ச்சி என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. கைக்கூலியையும் விருந்தையும் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால், இருபத்தைந்து வயதிலேயே தகுதி பெறும் வாலிபர்கள் எத்தனையோ பேர். அதே சமயம், கடனை மறைத்துக்கொண்டு அவசரப்படுவதும் பெண்ணுக்குச் செய்யும் அநீதியே.

பொழுதுபோக்காக மூழ்குவோருக்கும் ஒரு சொல். மணமான புதிதில் அந்தமான், மாலத்தீவு சென்று காற்று உருளையுடன் மூழ்குவது இப்போது பரவிவருகிறது. ஹலாலான இன்பம், தடையில்லை. ஆனால் பலமுறை மூழ்கியவர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் கழிய வேண்டும். கருவுற்ற பெண் மூழ்கவே கூடாது. ஆஸ்துமா, இருதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேளாமல் இறங்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கடலோடி மாப்பிள்ளை பேசி வந்தால், பொழுதுபோக்கைக் கேட்ட பின் இவற்றையும் கேளுங்கள். முன்பணம் எவ்வளவு நிலுவை உள்ளது? கம்ப்ரசர் வைத்து மூழ்குபவரா? தொழிலுக்குப் போகாத மாதங்களில் வருமானம் எது? விடைகள் திருப்தியாக இருந்தால் தேதி குறிக்கலாம். கைக்கூலிப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்கள் எடுத்தால், அந்தப் பணம் எவர் கடனை அடைக்கப் போகிறது என்று கேட்டுவிடுங்கள்.