நாய்க்கும் நீரிழிவு உண்டு

சித்தூர் ஜில்லாவின் தென்மேற்குக் கோடியில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் குப்பத்தை அடுத்த சாந்திபுரத்தில், கிராமத்து வீட்டு நாய்க்கென்று தனியாக ஆகாரம் சமைப்பவர் அபூர்வம். வீட்டில் மீந்த ராகிக்களியும் பால்சோறும், விசேஷ நாட்களில் பாயசமுமே அதற்குக் கிடைப்பவை. அப்படி வளரும் நாய் நடுவயதைக் கடந்தபின் ஓயாமல் தண்ணீர் குடித்து, அதுவரை இல்லாத வழக்கமாக இரவில் திண்ணையை நனைத்து, முன்னிலும் அதிகமாகத் தின்றும் விலா எலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போகுமானால், வயோதிகம் என்றோ வெயிலின் கொடுமை என்றோ சொல்லி விட்டுவிடுகிறோமேயன்றி, அது நீரிழிவாக இருக்கலாம் என்ற எண்ணம் நமக்குத் தோன்றுவதில்லை.

இத்தனைக்கும், நீரிழிவைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுள் முக்கியமானவை நாயின் சரீரத்திலிருந்தே தெரிய வந்தன. 1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்குக் கடுமையான நீரிழிவு கண்டது. 1921-ல் டொராண்டோ சர்வகலாசாலையில் பான்டிங்கும் பெஸ்டும், கணையம் இழந்த நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்தி ரத்தத்தின் சர்க்கரையைத் தணித்துக் காட்டினார்கள். 1922 ஜனவரியில் அந்த மருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. எத்தனையோ நாய்களின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற இன்சுலினை, அதற்குரிய ஜாக்கிரதையோடு நாய்க்கே கொடுப்பது நாம் பட்ட கடனுக்கு ஒரு சிறு பரிகாரம் என்பதே என் அபிப்பிராயம்.

நாய்க்கு வரும் நீரிழிவில் பெரும்பாலும் இன்சுலின் சுரக்கும் அணுக்களே அழிந்துபோவதால், வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மாத்திரை அதற்கு உதவாது. பாகற்காய்ச் சாறும் நாவற்கொட்டைப் பொடியும் இன்சுலினுக்கு ஈடாகமாட்டா. பெட்டை நாய்க்கு வேறொரு காரணமும் உண்டு. சினைப்பருவம் கழிந்தபின் சுமார் இரண்டு மாதகாலம் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், நோய் கண்ட பெட்டைக்குக் கர்ப்பப்பையையும் சூற்பைகளையும் அகற்றாமல் ஊசி மட்டும் போட்டுவருவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதுதான். காலதாமதமின்றி அகற்றிவிட்டால், சிலவற்றுக்கு நோயே விலகிவிடுவதும் உண்டு.

அபாயம் மிகுதியாக இருப்பது நோயில் அல்ல, மருந்தின் அளவில். நம் மருந்துக்கடைகளில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட் கொண்டது. பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜ்களிலும் சில குப்பிகளிலும் இருப்பதோ 100 யூனிட். முன்னதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, பின்னதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் கோடு பார்த்து இழுப்பவர், தாம் அறியாமலே இரண்டரை மடங்கு மருந்தைச் செலுத்திவிடுகிறார். கிலோ எடைக்குக் கால் யூனிட் முதல் அரை யூனிட் வரை என்று வைத்தியர்கள் வழக்கமாகத் தொடங்கும் மருந்தில், அந்த மிகை பிராணனுக்கே ஆபத்தாக முடியும். ஆகையால் அளவை வைத்தியர் ஒருவரே மாற்ற வேண்டும்.

ஊசி தினம் இருமுறை, 12 மணி நேர இடைவெளியில். முதலில் ஆகாரம், பிறகே ஊசி. நாய் சாப்பிடாமலோ வாந்தியெடுத்தோ கிடந்தால் முழு அளவைப் போடாமல் வைத்தியரைக் கேட்கவேண்டும். மருந்து உள்ளே போயிற்றா, ரோமத்தில் வழிந்ததா என்ற சந்தேகம் வந்தாலும் மறுபடி போடலாகாது; ஒரு வேளை முழுதும் சர்க்கரை ஏறியிருப்பதைவிட ஒருமணி நேரம் அதிகமாக இறங்கியிருப்பது கொடியது. தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சோறு கொடுத்து, இல்லையேல் தேனையோ குளுகோஸ் கரைசலையோ ஈறில் தடவி, வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நீரிழிவுக்காரருக்கென்று விற்கும் சில தின்பண்டங்களிலும் சூயிங்கத்திலும் கலக்கும் சைலிட்டால் நாய்க்கு விஷம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ராகிக்களியை அறவே விலக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு கவளம், நாளைக்கு மூன்று என்றில்லாமல், மாமிசமோ முட்டையோ சேர்த்து ஒரே அளவாக, ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். வெல்லமும் லட்டும் பாயசமும் கூடா. தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்கலாகாது. மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்து, ஒருதரம் உறைந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும். மின்சாரம் நீண்டநேரம் தடைப்படும் நாளில், குப்பியை நனையாதபடி பையிலிட்டு நீருள்ள மண்பானையில் வைப்பது நலம். கலங்கலாக உள்ள இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும்.

இவ்வளவும் கிரமமாகச் செய்தும், பெரும்பாலான நாய்களுக்கு ஓராண்டுக்குள் கண்ணில் புரை விழுகிறது. அது உங்கள் குற்றமல்ல, சஸ்திர சிகிச்சையால் அகற்றக்கூடியதும்கூட. வாந்தியும் அன்னத்துவேஷமும் சேர்ந்து வந்தால் மட்டும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் பரிசோதனைக்கு அருகிலுள்ள கால்நடை மருத்துவரே போதும். நோய் கட்டுக்கு அடங்காவிட்டால், 1955 முதல் திருப்பதியில் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005-ல் ஏற்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது அது. அங்கே போகும்போது, நாயின் ஆகாரமும் ஊசி நேரமும் எழுதிய குறிப்பேட்டோடு, நீங்கள் உபயோகிக்கும் குப்பியையும் சிரிஞ்சையும் அவசியம் கையோடு கொண்டுபோங்கள்.