கடற்புல்லின் இரசாயனக் கூறுகளும் போசணைப் பெறுமானமும்

கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளின் ஆழங்குறைந்த கடலில் கடற்புற்படுக்கைகள் காணப்படுகின்றன. கரையொதுங்கும் இதனை வடபகுதியில் சாதாழை என்பர். இதனை அல்கா என எழுதிப் புள்ளியை இழக்கும் மாணவர் பலர். கடற்புல் வேர், தண்டு, இலை, பூ, விதை ஆகியவற்றைக் கொண்ட ஒருவித்திலைத் தாவரமாகும். இதன் போசணையைக் கூறும்போது எந்தப் பகுதி என்பதையும் கூறவேண்டும்.

முதலில் இலையை நோக்குவோம். உலர்ந்த இலையின் திணிவில் சராசரியாகக் காபன் 33.6%, நைதரசன் 1.92%, பொசுபரசு 0.23% உண்டு. புரதத்தில் ஏறத்தாழ 16% நைதரசன் என்பதால், நைதரசனின் அளவை 6.25 ஆல் பெருக்கிப் புரதத்தை மதிப்பிடலாம்.

1.92 × 6.25 = 12%

கோதுமை மாவிலும் ஏறக்குறைய இவ்வளவுதான் உள்ளது. அப்படியாயின் நாம் ஏன் கடற்புல்லை உண்பதில்லை?

இங்கே இரு விடயங்களைக் கவனிக்க. 12% என்பது உலர்திணிவுக்குரியது. பச்சை இலையில் 85% நீர் எனக் கொண்டால், 100 கிராமில் உலர்பொருள் 15 கிராம்; அதில் புரதம் 1.8 கிராம் மட்டுமே. (கணிப்பில் மாணவர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேயே.) அத்துடன் இலையிலுள்ள காபோவைதரேற்றில் பெரும்பகுதி கலச்சுவரின் செலுலோசு போன்ற நார்ப்பொருளாகும். செலுலோசைச் சமிக்கச் செய்யும் நொதியம் மனிதனில் சுரக்கப்படுவதில்லை. கனியுப்புகளும் அதிகம்.

விதையின் நிலை வேறு. மெக்சிக்கோவின் கலிபோர்னியா வளைகுடாக் கரையில் வாழும் சேரி இன மக்கள், சொஸ்டெரா மரினா என்னும் கடற்புல்லின் விதையை அரைத்துக் கஞ்சியாக்கி உண்டுவந்தனர். அவ்விதையில் அரைவாசியளவு மாப்பொருளும் சுமார் 13% புரதமும் உள்ளன. கொழுப்பு 1% அளவே. நசுக்கிய விதைக்கு அயடீன் கரைசல் இட்டால் கருநீலம் தோன்றும்.

மன்னார்க் கடலில் இன்று அரிதாகிவிட்ட ஆவுளியா எனும் கடற்பசுவின் பிரதான உணவு கடற்புல்லே. அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணங்கிகள் செலுலோசை நொதிக்கச் செய்வதால், எமக்குப் பயன்படாத நார்ப்பொருளும் அதற்குச் சக்தி தருகிறது. ஆயினும் அது கண்டதையெல்லாம் மேய்வதில்லை. நார் குறைந்த, நைதரசன் கூடிய சிறு இனங்களையே விரும்பும். வெல்லமும் மாப்பொருளும் சேமிக்கப்பட்டுள்ள வேர்த்தண்டுக்கிழங்கையும் மணலிலிருந்து கிளறி உண்ணும். மேய்ந்த இடத்தில் மீண்டும் முளைக்கும் இளம் இலைகளில் நைதரசன் கூடுதலாகவும் நார் குறைவாகவும் இருப்பதால், ஆவுளியாக்கள் அதே இடத்துக்குத் திரும்பி வருகின்றன.