தென்னந்தோப்பு தரும் கிறிஸ்துமஸ் சாக்லேட்

ஓவன் தேவையில்லை, பாகுப் பதம் பார்க்க வேண்டியதில்லை. அரையாண்டு விடுமுறையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளே செய்துவிடலாம்.

டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோம் நகரத்துக்குப் பகல் என்பது ஆறு மணி நேரம்தான். காலை எட்டே முக்காலுக்கு எட்டிப்பார்க்கும் சூரியன் பிற்பகல் மூன்று மணிக்குள் மறைந்துவிடும். வெளியே இருட்டும் பனியும் கவிந்திருக்க, ஸ்வீடன் வீடுகளில் அடுக்களை களைகட்டும் மாதம் இது. 13-ம் தேதி லூசியா திருநாளுக்குக் குங்குமப்பூ பன். அது முடிந்த கையோடு, 24-ம் தேதி விருந்து மேசைக்காக மிட்டாய் வேலை தொடங்கிவிடும். பாகு காய்ச்சிச் செய்கிற ‘க்னெக்’ மிட்டாயைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொதிக்கும் பாகின் பக்கம் பிள்ளைகளை விட முடியாதே! பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் இனிப்பு ‘ஈஸ்ஷோக்லாட்’. கட்டைவிரல் அகலமுள்ள ஃபாயில் கிண்ணங்களில் ஊற்றி உறைய வைக்கும் சாக்லேட் அது.

அதற்கு வேண்டியவை இரண்டே பொருள்கள்: சாக்லேட், தேங்காய் எண்ணெய். இரண்டுமே ஸ்வீடன் மண்ணில் விளையாதவை. நம் ஊரிலோ இரண்டும் ஒரே தோப்பில் விளைகின்றன. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராகக் கொக்கோ வளர்க்கிறார்கள். கொக்கோவுக்கு நேர் வெயில் ஆகாது. தென்னை ஓலை வழியே இறங்கும் அரைநிழல்தான் அதற்கு இதம். காய்களும் கிளை நுனியில் காய்க்காமல் அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் ஒட்டிக்கொண்டு தொங்கும். அந்தத் தோப்பின் நிழலையும் மண்ணையும் பங்குபோட்டுக்கொள்ளும் இரண்டு மரங்களின் கொழுப்பும் ஒரு சிறு கிண்ணத்தில் மறுபடி சந்திக்கின்றன. சுடாமல் செய்யும் சாக்லேட் இனிப்புகள் உலகெங்கும் எத்தனையோ உண்டு. நம் வீட்டுக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

சுடாமல் எப்படிச் சாத்தியம்?

கேக்கில் மாவும் முட்டையும் வேக வேண்டும், அதற்குத்தான் ஓவன். சாக்லேட்டில் வேக வேண்டியது எதுவும் மிச்சமில்லை. கொக்கோ விதைகளை ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து, அரைத்த பிறகுதான் அது கட்டியாக நம் கைக்கு வருகிறது. நாம் செய்வது உருக்குவதும் உறையவைப்பதும் மட்டுமே. ஆகவே இந்த இனிப்பில் சமையல்காரர் வேலை பார்ப்பது குளிர்தான்.

சாக்லேட்டைப் பிடித்து நிறுத்துவது கொக்கோ வெண்ணெய். சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும் கொழுப்பு அது. நம் உடல் சூடு 37 டிகிரி. அதனால்தான் சாக்லேட் கையில் கட்டியாக இருந்துகொண்டு நாக்கில் கரைகிறது. தேங்காய் எண்ணெயோ 24 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழிக் காலையில் கோயம்புத்தூர், நீலகிரிப் பக்கம் பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடப்பதும், வெயில் ஏறியதும் தானே இளகிவிடுவதும் இதனால்தான்.

இந்த இரண்டு கொழுப்பும் கலக்கும்போது ஒன்றின் படிகத்துக்குள் மற்றது சரியாகப் பொருந்துவதில்லை. அதனால் கலவை தனிச் சாக்லேட்டைவிட வெகு சீக்கிரம் உருகும். திடப்பொருள் உருக வேண்டுமானால் சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சியாக வேண்டும். வாயில் போட்டதும் இந்தக் கிண்ணச் சாக்லேட் நாக்கின் சூட்டை எடுத்துக்கொண்டு சட்டென்று உருகுகிறது. நாக்கு ஜில்லென்று ஆகிறது. புதினாவோ பனிக்கட்டியோ சேர்க்காமலே கிடைக்கும் குளிர்ச்சி இது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டு ஒரு துண்டைக் கொடுங்கள். பாடப் புத்தகத்தில் வரும் உள்ளுறை வெப்பம் அதற்குப் பிறகு மறக்கவே மறக்காது.

ஈஸ்ஷோக்லாட் செய்முறை

*தேவை:* டார்க் சாக்லேட் 200 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம், மிகச் சிறிய ஃபாயில் அல்லது காகிதக் கிண்ணங்கள் 35 முதல் 40.

சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள் பட்டியலில் ‘கொக்கோ வெண்ணெய்’ இருக்க வேண்டும். ‘காம்பவுண்ட்’ என்று விற்கும் கட்டிகளில் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். அவையும் உறையும், ஆனால் கொக்கோவின் முழு மணமும் சுவையும் கிடைக்காது. எண்ணெய், சமையலுக்கான தேங்காய் எண்ணெயாக இருக்கட்டும். ஸ்வீடனில் மணம் நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். தேங்காய் மணம் பிடித்தவர்கள் மரச்செக்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம். டார்க் சாக்லேட்டின் கசப்போடு அது அழகாகச் சேரும்.

சாக்லேட்டைப் பொடிப்பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். எண்ணெயைச் சிறு தீயில் வைத்து, நன்றாகச் சூடானதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். பெரியவர் கை தேவைப்படும் இடம் இது ஒன்றுதான். பாத்திரத்தைக் கீழே இறக்கி, நறுக்கிய சாக்லேட்டைப் போட்டு நிதானமாகக் கிளறினால், எண்ணெயின் சூட்டிலேயே எல்லாம் உருகிப் பளபளவென்று வரும். அடுப்பில் வைத்தபடியே உருக்கினால் சாக்லேட் அடிப்பிடித்துக் கருகிப்போகும்.

பாத்திரம், கரண்டி, கை எதிலும் துளி ஈரம் இருக்கக் கூடாது. உருகிய சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் உலர்ந்த சர்க்கரையும் கொக்கோத் தூளும்தான். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், சர்க்கரை நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலவை முழுவதும் திரிதிரியாகக் கெட்டித்துவிடும்.

கலவையை மூக்குள்ள குவளைக்கு மாற்றி, கிண்ணங்களில் முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். லேசாகக் கெட்டியாகத் தொடங்கும்போது மேலே தூவலாம். ஸ்வீடனில் பொடித்த ‘போல்காக்ரிஸ்’ தூவுவார்கள். 1859-ல் க்ரென்னா என்ற சிற்றூரில் அமாலியா எரிக்சன் என்ற பெண்மணி செய்யத் தொடங்கிய சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட புதினா மிட்டாய் அது. நாம் பெப்பர்மின்ட் மிட்டாயைத் தட்டித் தூவலாம். வறுத்த முந்திரி, ஏலக்காய்ப் பொடி, சிட்டிகை சுக்குத்தூள், நான்கைந்து உப்புக் கற்கள் என எதுவும் பொருந்தும். ஏலக்காய் ஸ்வீடன்காரர்களுக்கும் உயிர். அவர்களுடைய பன்களில் பெரும்பாலும் அது இருக்கும்.

ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்தால் உறைந்துவிடும். சாப்பிடும்வரை அங்கேயே இருக்கட்டும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் எண்ணெயை 75 கிராமாகக் குறைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். கட்டாயம் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கொழுப்பு வாசனையை இழுத்துக்கொள்ளும். நம் ஃப்ரிட்ஜில் மல்லிகைப்பூவும் மீதிச் சாம்பாரும் பக்கத்திலேயே இருக்கும்.

டிகாக்‌ஷன் சேர்த்த உருண்டை

அடுப்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்வீடனிலேயே இன்னொன்று இருக்கிறது: ‘ஷோக்லாட்பொல்’ என்னும் ஓட்ஸ் உருண்டை. பக்கத்து டென்மார்க்கிலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் இதே மாதிரி உருண்டை பிடிப்பார்கள்.

அறைச் சூட்டில் இளகிய 100 கிராம் வெண்ணெயோடு அரை கப் சர்க்கரை, ஒன்றேகால் கப் ஓட்ஸ், மூன்று மேசைக்கரண்டி இனிப்பில்லாத கொக்கோத் தூள் சேர்த்துப் பிசையுங்கள். கூடவே இரண்டு மேசைக்கரண்டி ஆறிய காபி. அங்கே கடுங்காபி ஊற்றுகிறார்கள். நம் வீட்டு ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்‌ஷன் அதைவிட மணமானது. சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் காய்ச்சி ஆறிய பால் போதும். கலவையை அரை மணி நேரம் குளிரவைத்து, எலுமிச்சை அளவில் உருட்டி, உலர்ந்த தேங்காய்த் துருவலில் புரட்டி எடுங்கள். புதுத் துருவல் ஈரத்தால் கெட்டுப்போகும். கடையில் விற்கும் ஓட்ஸ் அவல் ஆலையிலேயே ஆவியில் வெந்து வருவது. அதனால்தான் மறுபடி வேகவைக்காமல் சாப்பிட முடிகிறது.

யாருக்காகச் செய்கிறோம்?

தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்கும் அதிரசமும் போன வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வீடுகளில் சொல்லாமலே கடைப்பிடிக்கும் மரியாதை. அவசரத்துக்குச் சர்க்கரையோ பழமோ வைத்துக் கொடுப்போம். இந்த வருடம் அந்தத் தட்டில் பிள்ளைகள் செய்த சாக்லேட்டை வைத்து, அவர்களையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். முந்திரி, பாதாம் சேர்த்திருந்தால் அதை மறக்காமல் சொல்லிக் கொடுக்கவும் பழக்குங்கள். சிலருக்கு அவை ஒவ்வாது.

கடையில் வாங்கிய பெட்டியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்பவர் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றி சொல்வார். பிள்ளைக்கு அதில் பங்கில்லை. தானே நறுக்கி, ஊற்றி, உறையும்வரை பொறுத்திருந்து செய்ததைக் கொடுக்கும் பிள்ளைக்கு ‘நீயா செய்தாய்?’ என்ற கேள்வி கிடைக்கும். ‘ஆமாம்’ என்று சொல்ல ஒரு வாய்ப்பைப் பத்து நாள் விடுமுறையில் அவர்களுக்குத் தர, 200 கிராம் சாக்லேட்டும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் போதும்.