முதுபூனையின் நீரிழிவும் இல்லப் பேணுகையும்

நீரிழிவு என்னும் சொல்லில் உள்ள 'இழிவு' தாழ்மையைக் குறிப்பதன்று. இழிதல், அஃதாவது கீழ்நோக்கி ஒழுகுதல் என்னும் பொருளில் வந்தது அது. நீர் மிகுதியாக ஒழுகிப்போகும் நோய் என்பதே கருத்து. டயபிட்டீஸ் என்று மேலைநாட்டார் வழங்கும் கிரேக்கச் சொல்லும் ஊடே கடந்து போதல் என்னும் பொருளினதே. இரு மொழியினரும் நோய்க்கு அதன் முதற் குறியைக் கொண்டே பெயரிட்டனர். எனவே, வீட்டிலுள்ள முதிய பூனை நீர்க் கிண்ணத்தை விட்டு அகலாதிருந்து, மணல்தட்டில் பெரிய ஈரக்கட்டிகளை விட்டு வருமாயின், தன் நோயின் பெயரை அது தானே சொல்லிவிடுகிறது எனலாம்.

இக்குறியுடன் வேறு இரண்டும் சேரும். பூனை முன்னிலும் மிகுதியாக உண்ணும். ஆயினும் உடல் இளைக்கும். நோய் முற்றின் பின்னங்கால் நரம்புகள் தளர்ந்து, விரல்நுனியால் நடக்க வேண்டிய விலங்கு குதிகால் தரையில் படிய நடக்கும். முதுமையால் வந்த தளர்ச்சி என்று வீட்டார் இதனை விட்டுவிடுவது பெருவழக்கு. தரை நனைகிறதே என்று நீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பாரும் உளர். அது கொடுமை மட்டுமன்று, கேடும் ஆகும். பூனை நீரை இழப்பதனாலேயே குடிக்கிறது.

நடுவயது கடந்த பூனைகளுள்ளும் விதையெடுக்கப்பட்ட ஆண்பூனைகளையும், உடல் பருத்தவற்றையும், வீட்டினுள்ளேயே கிடப்பனவற்றையுமே இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது. சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்க இடமளிக்கப்பட்டுள்ளது. பத்தாம் மாடியில் வாழும் பூனைக்கு எலி துரத்தும் வேலை ஏது? உண்பதும் உறங்குவதுமே அதன் தொழில். வேறு நோய்க்காக நெடுநாள் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்தும் சிலவற்றில் நீரிழிவைக் கிளப்பிவிடுவதுண்டு.

நாய்க்கு வரும் நீரிழிவில் கணையம் இன்சுலின் சுரப்பதைப் பெரும்பாலும் நிறுத்தியே விடுகிறது. பூனையின் நிலை அதனின் வேறானது. மனிதர்க்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. முதலில் உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கிறது. அதனை ஈடுகட்டக் கணையம் மிகையாக உழைத்துச் சோர்கிறது. பின்னர், குருதியில் தேங்கிய சர்க்கரையே இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களுக்கு நஞ்சாகிறது. அச்சர்க்கரையைக் காலத்தே குறைத்துக் கணையத்திற்கு ஓய்வளித்தால் சுரப்பு மீள்வதும் உண்டு. நாயில் அரிதான இம்மீட்சி பூனையில் பலகால் காணப்படுவது. நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதன் பயன் இதுவே.

கண்டறிவதில் ஒரு சிக்கல் உண்டு. கூண்டில் அடைபட்டு, ஊர்தியில் குலுங்கி, நாய்கள் குரைக்கும் மருத்துவமனைக்கு வந்துசேரும் பூனைக்கு அச்சத்தினாலேயே சர்க்கரை ஏறிவிடும். நலமுள்ள பூனையிலும் அது லிட்டருக்கு 16 மில்லிமோலைக் கடப்பதுண்டு. ஆகவே ஒரே குருதிச் சோதனையை நம்பாமல், சிறுநீரில் சர்க்கரை உண்டா என்றும், முந்திய ஓரிரு வாரங்களின் நிலையைக் காட்டும் பிரக்டோசமீன் அளவு எவ்வாறுள்ளது என்றும் மருத்துவர் பார்ப்பார்.

உணவைப் பொறுத்தவரை, பூனை முழு ஊனுண்ணி. அதன் கல்லீரல் மாவுப்பொருளை மிகுதியாக ஏற்கும் அமைப்பினதன்று. உலர்ந்த கட்டியுணவு மாவின்றி உருப்பெறாது. கருவாடு பிசைந்த சோறோ பெரும்பகுதி மாவுப்பொருளே. புரதம் மிக்கதும் மாவு குறைந்ததுமான ஈரமான தகர உணவே பல பூனைகளுக்கு ஏற்றது. சிறுநீரக நோயும் உடன் இருப்பின் உணவை மருத்துவரே வகுக்க வேண்டும். பருத்த பூனையை மெல்ல மெல்லவே இளைக்கச் செய்தல் வேண்டும். பட்டினி போட்டால் கல்லீரலில் கொழுப்பேறி உயிருக்கே தீங்காகும். தமிழர் வீடுகளில் கைவசம் உள்ள பாகற்சாறும் வெந்தயமும் இங்கு உதவா. அவற்றின் கைப்பினால் பூனை உணவையே வெறுத்துவிடும். வீட்டுப் பெரியவர்க்கு எழுதித் தந்த நீரிழிவு மாத்திரையைப் பூனைக்குப் பகிர்ந்தளிப்பதும் ஆகாது.

இன்சுலின், பெரும்பாலும் 12 மணிக்கு ஒருமுறையாக நாளொன்றுக்கு இருமுறை, தோலடியில் செலுத்தப்படுகிறது. ஊசி மிக மெல்லியது. பூனை உண்டுகொண்டிருக்கையில் விலாப்புறத் தோலை மெல்லத் தூக்கிச் செலுத்தினால் பெரும்பாலான பூனைகள் பொருட்படுத்துவதில்லை. அஞ்சுவது பெரும்பாலும் மனிதரே. மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும், உறையவிடுதல் கூடாது. குலுக்கிச் செலுத்துவதும், உருட்டிக் கலப்பதும், அசைக்காமலே எடுப்பதும் என மருந்துக்கு மருந்து முறை வேறுபடுமாதலின் புட்டியின் குறிப்பையே பின்பற்றுக.

இங்கே ஒரு கணக்கு இன்றியமையாதது. இன்சுலின் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டதாகவும் 100 அலகு கொண்டதாகவும் கிடைக்கிறது. ஊசிக்குழலும் அவ்வாறே இருவகை. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் 2 என்னும் கோடுவரை எடுத்தால் பூனையின் உடலில் புகுவது 2 அலகன்று, 5 அலகு. பூனைக்குத் தொடக்க அளவு பலகால் ஒரே அலகு என்பதை நினைந்தால் இத்தவற்றின் பருமை விளங்கும். மருந்துப் புட்டியின் எண்ணும் குழலின் எண்ணும் ஒன்றா என்று, புதிதாக வாங்கும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பொதுவாக வீட்டார் அஞ்சுவது சர்க்கரை ஏறிவிடுமோ என்று. ஊசி போடத் தொடங்கியபின் அதனினும் விரைவாகக் கொல்லக்கூடியது சர்க்கரை இறங்குதலே. ஒரு வேளை ஊசி தவறிப்போனால் பெரும்பாலும் பெருந்தீங்கு விளையாது. இருமுறை போட்டுவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் ஊசலாடும். காலையில் அம்மா போட்டதை அறியாமல் மகனும் போடுவது நடக்கக்கூடியதே. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் உடனே நேரத்தைக் குறித்துவிடுவது அதற்குக் காப்பு. போட்டாயிற்றா இல்லையா என்னும் ஐயம் எழுந்தால் போடாமல் விடுவதே நெறி. பூனை உண்ண மறுத்தாலும், உண்டதைக் கக்கினாலும், வழக்கமான முழு அளவைச் செலுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். உலர் உணவை நிறுத்தி மாவு குறைந்த உணவுக்கு மாற்றுகையில் இன்சுலின் தேவையும் குறையும். அளவைக் குறைக்காமல் உணவை மட்டும் மாற்றுவது நல்லெண்ணத்தால் விளையும் கேடு.

சர்க்கரை இறங்கிய பூனை சோர்ந்து தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். உணர்வுள்ள பூனைக்கு உடனே உணவு தருதல் வேண்டும். உண்ணாவிடில் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் தொட்டு ஈறில் தடவி மருத்துவரிடம் விரைய வேண்டும். நினைவிழந்த பூனையின் வாயில் எதையும் ஊற்றுதல் ஆகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

காதோரத்தில் சிறு குத்துக் குத்திக் குருதிச் சர்க்கரையை வீட்டிலேயே பார்க்கலாம். மனிதர்க்குரிய கருவி பூனைக் குருதியில் பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டுமாதலின் விலங்குகளுக்கென அளவமைத்த கருவியே சிறந்தது. அதில் 3.3 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் ஆபத்து. 16ஐ ஒருநாள் தொட்டதற்காக மருந்தை ஏற்றுவது தவறு. பல மணிநேர அளவுகளைக் குறித்துக் காட்டி, மருத்துவர் சொல்லும்வரை அளவை மாற்றாதிருப்பதே தக்கது. மனிதர்க்குரிய நுண்ணிய கட்டுப்பாடு பூனைக்கு வேண்டுவதில்லை. நீர்வேட்கை தணிந்து, எடை கூடி, மீண்டும் மேசைமீது தாவத் தொடங்கினாலே மருந்து வேலை செய்கிறது என அறியலாம்.

அண்மையில் வாய்வழி மருந்துகளும் வந்துள்ளன. பெக்சாகிளிப்லோசின் 2022ஆம் ஆண்டிலும் வெலாகிளிப்லோசின் 2023ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் பூனைக்கென ஒப்புதல் பெற்றன. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழி வெளியேற்றுவன. ஊசி வேண்டாம் என்பது கவர்ச்சியே. எனினும் எல்லாப் பூனைக்கும் இவை ஆகா. இவற்றை உட்கொள்ளும் பூனைக்குக் குருதிச் சர்க்கரை இயல்பாய் இருக்கும்போதே கீட்டோன் என்னும் அமிலப்பொருள் பெருகி உயிருக்கு இடர் நேரக்கூடும். பூனை உண்ணாமல், வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தால், ஊசி போடும் பூனையாயினும் மாத்திரை உண்ணும் பூனையாயினும் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தீபாவளிக்கு ஊர் செல்லும் குடும்பம் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் ஊசி போடத் தெரிந்த ஒருவரை முன்னமே பழக்கி வைத்தல் நலம். கணையம் மீளும் காலத்திலோ கண்காணிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். நேற்றுவரை சரியாயிருந்த அதே அளவு இன்று மிகையாகிவிடும். சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினை முற்றும் நிறுத்த நேர்கிறது. அதன் பின்னரும் மாவு குறைந்த உணவு தொடர வேண்டும். பூனையின் எடையையும் அது குடிக்கும் நீரின் அளவையும் குறித்து வருதல் வேண்டும். நோய் திரும்புமாயின் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த நீர்க் கிண்ணமே.